செயினைத் தளர்த்தியது யார்?

சங்கமித்ராவின் பென்சில் ஒருநாளும் தானாகத் தொலைந்ததில்லை. யாரோ எடுத்திருப்பார்கள். டிபன் பாக்ஸில் சப்பாத்தி குறைந்தால் அம்மா குறைவாக வைத்தாள் என்று அர்த்தமில்லை, யாரோ தின்றிருப்பார்கள். ஆறாம் வகுப்பில் அவளுக்கு ‘சி.ஐ.டி.’ என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்றும் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

பொம்மனஹள்ளியில் அவர்கள் வீட்டுக்கு எதிரே மழைநீர்க் கால்வாய் தோண்டும் வேலை நடந்தது. பொக்லைன் இயந்திரத்தை ஓட்டுபவர் அவள் அப்பா ரவிக்குமார். அந்த வண்டிக்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக இரும்புச் செயின் சுற்றியிருக்கும். அது உருண்டுதான் வண்டி நகரும். வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு. பிள்ளைகள் கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். மொட்டை மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க எந்தச் சட்டமும் இல்லை என்பதால், சங்கமித்ரா பெரும்பாலும் அங்கேதான் இருப்பாள்.

அன்று ஆயுத பூஜை. வண்டியின் சொந்தக்காரர் சிவசங்கரனுக்கு இது பெரிய நாள். முந்தைய நாள் மாலையே தண்ணீர் டாங்கரை வரவழைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குழாயைப் பிடித்து வண்டியைக் குளிப்பாட்டினார். ஒரு வாரமாக மழையில் உழன்று சேறு அப்பிக் கிடந்த வண்டி புதுசு போல ஆகிவிட்டது.

இப்போது அதற்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை, சந்தனப் பொட்டு எல்லாம் வந்துவிட்டன. இரண்டு செயினுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மெக்கானிக் லாயிட் புதுச்சட்டையில் வந்திருந்தார். கூடவே அவர் மகன் ரயான். வகுப்பில் சங்கமித்ராவுக்கு அடுத்த பெஞ்சு அவன்.

“ரவி, எடுப்பா. பழம் நசுங்கணும்,” என்றார் சிவசங்கரன்.

அப்பா வண்டியைக் கிளப்பினார். கடக்... கடக்... என்று ஒரு சத்தம். இடது பக்கச் செயின் தூக்கித் தூக்கி விழுந்தது. அப்பா சட்டென்று வண்டியை நிறுத்தினார். பழம் நசுங்கவில்லை.

அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“செயின் தொங்குது ஓனர். இப்படியே கால்வாய் ஓரத்துல போய்த் திருப்பியிருந்தா செயின் கழண்டு, வண்டி உள்ள சாய்ஞ்சிருக்கும்.”

அம்மா யசோதா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“நேத்து நிறுத்துற வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?” சிவசங்கரன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார். “யாரு கை வச்சது?”

சி.ஐ.டி. பேசினாள்.

“நான் பாத்தேன் அங்கிள். போன வாரம் மழையில, லாயிட் அங்கிள் ஸ்பேனர் வச்சு இடது பக்கம் எதையோ திருகினார். கிரீஸ் புழு மாதிரி வெளிய வந்துச்சு. செயின் லூஸ் ஆயிடுச்சு.”

எல்லோரும் லாயிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா, நான்தான் கிரீஸை வெளிய விட்டேன்,” என்றார் லாயிட். “அன்னிக்கு செயின் விறைச்சுக்கிட்டு நின்னுச்சு, அறுந்துடும் போல. உள்ள கிரீஸ் குறைஞ்சா செயின் தளரும். கொஞ்சம்தான் லூஸ் பண்ணேன். அளவு பாத்துத்தான் பண்ணேன்.”

“இதுவா கொஞ்சம்?” என்றார் சிவசங்கரன்.

“அதான் சார் எனக்கும் புரியல.”

“எனக்குப் புரியுது. பக்கத்து சைட்டு வண்டியையும் நீதானே பாக்கறே? என் வண்டி நின்னா அவங்களுக்குக் கொண்டாட்டம். இனிமே நீ என் வண்டியத் தொட வேணாம்பா.”

லாயிட்டின் காது சிவந்தது. “வாடா, போலாம்,” என்று மகனின் தோளைத் தொட்டார்.

ரயான் தன் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை மதில்மேல் வைத்தான். சங்கமித்ராவிடம் வந்தான்.

“உனக்கு சி.ஐ.டி.ன்னு பேர் வச்சது நான்தான்,” என்றான். “தப்பா வச்சுட்டேன்.”

மதியம் சிவசங்கரன் வீட்டிலிருந்து ஒப்பட்டுப் போளி வந்தது. சங்கமித்ராவுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. பார்த்ததைத்தானே சொன்னாள்? பொய் சொல்லவில்லையே? பிறகு ஏன் ரயான் சொன்னதே காதில் கேட்கிறது?

“அப்பா, லாயிட் அங்கிள் வேணும்னே பண்ணியிருப்பாரா?”

“கோலார் தங்கவயல்ல நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒரே லைன் வீட்டு வரிசை, பக்கத்துப் பக்கத்து வீடு. அவன் பண்ண மாட்டான்.” அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா செயின் தானா தொங்குமா?”

அப்பாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். அதுதான் சங்கமித்ராவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவள் கிளப்பிவிட்ட சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது.

அவள் தம்பி சித்தார்த்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஆள் சாப்பிடுகிற அளவா அது? எழுந்திருக்கவே முடியாமல், “டைட்டா இருக்கு, டைட்டா இருக்கு,” என்று அழுது, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போனான்.

சாயங்காலம் சங்கமித்ரா மாடிக்குப் போனாள். கீழே மாலையும் பொட்டுமாக வண்டி தனியாக நின்றது. டாங்கர்காரர் மேல் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். அவர் நேற்று டாங்கரை விட்டு இறங்கவே இல்லை. பக்கத்து சைட்டு வாட்ச்மேன்? அவர் எப்போதும் தூக்கம். சந்தேகப்பட ஆளே மிச்சமில்லை.

அப்போது சித்தார்த் பந்தை விரட்டிக்கொண்டு ஓடிவந்தான். பாதி ஓட்டத்தில் அவனுடைய புதுக் கால்சட்டை முழங்காலுக்கு இறங்கியது. பக்கத்து மாடிப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

“அம்மா, அக்கா என் நாடாவை அவுத்துட்டா,” என்று அவன் ஊருக்கே கேட்கும்படி அலறினான்.

“நான் தொடவே இல்லடா.”

“நீதான் பக்கத்துல நின்னே. நான் பாத்தேன்.”

சங்கமித்ராவுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் நின்றால் அவிழ்த்ததாக ஆகிவிடுமா? செய்யாததைச் செய்தாய் என்றால் எப்படி எரிகிறது. காலையில் லாயிட் அங்கிளின் காது சிவந்தது நினைவுக்கு வந்தது.

துணி எடுக்க வந்த அம்மா கால்சட்டையை மேலே இழுத்துவிட்டாள். “யாரும் அவுக்கலடா. மத்தியானம் வயிறு முட்டத் தின்னுட்டு டைட்டா இருக்குன்னு அழுதியே, நான்தான் நாடாவத் தளர்த்தி விட்டேன். இப்ப வயிறு காலி. கால்சட்டை எறங்குது. அவ்வளவுதான்.”

சங்கமித்ரா தம்பியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மாடிச் சுவரோரம் ஓடிப்போய் வண்டியைப் பார்த்தாள். செயினுக்குக் கீழே, நேற்றுக் கழுவி விழுந்த சேறு வெயிலில் காய்ந்து குவியலாகக் கிடந்தது.

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

“அப்பா, அன்னிக்கு லாயிட் அங்கிள் லூஸ் பண்ணப்போ செயினுக்குள்ள சேறு இருந்துச்சா?”

“சேறா? மூட்டைக் கணக்குல இருந்துச்சு. வண்டியோட இடது பக்கம் சேத்துலயே கெடந்துச்சுல்ல? செயினுக்கும் உள்ள சுத்துற ரோலருக்கும் நடுவுல கல்லு மாதிரி இறுகிப் போயி...” அப்பா அப்படியே நிறுத்தினார்.

“வயிறு முட்ட இருந்துச்சுப்பா. அதான் டைட்டு. அங்கிள் நாடாவத் தளர்த்தினார். நேத்து...”

“நேத்து வயிறு காலி,” என்று அப்பா மெதுவாகச் சொன்னார். நெற்றியில் அடித்துக்கொண்டார். “சேத்தைச் சுத்தமா எடுத்துட்டுத்தான் செயினை அட்ஜஸ்ட் பண்ணணும். அன்னிக்குக் கொட்டுற மழை. ஓனர் வேற சீக்கிரம், சீக்கிரம்னு நின்னாரு. எங்க ரெண்டு பேருக்கும் தோணலையே.”

“இப்பவே லாயிட் அங்கிள் வீட்டுக்குப் போகணும்,” என்றாள் சங்கமித்ரா. செருப்பை அதற்குள் மாட்டிவிட்டிருந்தாள்.

லாயிட் வீட்டு வாசலில் அவளே முதலில் பேசினாள். “அங்கிள், நான் பாத்ததைத்தான் சொன்னேன். ஆனா பாத்தது பாதிதான். மன்னிச்சிடுங்க.” மீதியை அப்பா சொன்னார்.

லாயிட் தலையை ஆட்டினார். “நல்ல வேளை, நீ வந்து சொன்னியேம்மா. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.”

ரயான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டான். வெளியே வரவில்லை.

மறுநாள் காலை, சிவசங்கரனின் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லப்பட்ட லாயிட், கிரீஸ் கன்னோடு வந்தார். அப்பா இயந்திரத்தின் கையைத் தரையில் ஊன்றி இடது பக்கத்தை மேலே தூக்கினார். செயின் தொளதொளவென்று தொங்கியது. லாயிட் கிரீஸை அடிக்க அடிக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. சரியான தொய்வு வந்ததும் நிறுத்தினார்.

சிவசங்கரன் வந்து சேர்ந்தார். நடந்ததை ஃபோனில் அரைகுறையாகக் கேட்டிருந்தார்.

“யாரும்மா அது? கண்டுபுடிச்சிட்டியாமே. யாரு கை வச்சது?”

அவர் அப்பாவின் முதலாளி. சங்கமித்ரா மஞ்சள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “செயின்ல இருந்த சேறெல்லாம் போனதுதான் அங்கிள் காரணம். தண்ணிக் குழாயைப் புடிச்சவங்க...”

சிவசங்கரன் யார் அது என்று அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு தன் கையையே பார்த்தார். வண்டிக்குள் இருந்த அப்பாவுக்குத் திடீரென்று ஏதோ ஒரு லீவரைத் துடைக்கும் வேலை வந்துவிட்டது.

“லாயிட்,” என்றார் சிவசங்கரன் கடைசியில். “நேத்து வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதப்பா. அந்த சைட்டுக்கும் போ. இங்கயும் வா.”

“வரேன் சார். அடுத்த வாட்டி, குழாயை என்கிட்ட குடுங்க.”

சிவசங்கரனே முதலில் சிரித்தார். புது எலுமிச்சம்பழங்கள் வந்தன. அப்பா வண்டியை எடுத்தார். கடக் சத்தம் இல்லை. பழங்கள் பச்சக்கென்று நசுங்கின.

ரயான் கயிற்றோரம் வந்து நின்றான். நேற்று மதில்மேல் விட்டுப்போன பொரிப் பொட்டலம் அவன் கையில் இருந்தது. அதை அவளிடம் நீட்டினான்.

“இந்தா, சி.ஐ.டி.”

சங்கமித்ரா வாங்கிப் பிரித்தாள். வாய் நிறையப் பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டாள். மனசு லேசாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: இதிலிருந்த கடலையையெல்லாம் இவன் மதிலிலிருந்து இங்கே வருவதற்குள் பொறுக்கித் தின்றுவிட்டானோ?