ஜெயம்மா வேலைக்கு வந்தாள்

ஆரம்பாக்கத்துக் கங்காதரன் அன்று காலை பழவேற்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவன் தோளில் ஒரு டேப்ரிக்கார்டர் தொங்கியது. வார் வைத்த சின்ன ரகம், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே தன் இறால் ஷெட்டுக்கு நடந்தான்.

ஷெட் என்பது ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய கிடங்கு. சுவர் ஒரு முழம் கனம். ஜன்னல் என்று பேருக்கு இரண்டு ஓட்டை. பகலிலும் உள்ளே பல்பு எரியும். இறால் தண்ணியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நாற்றம் தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குப்பத்திலிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் வந்த பெண்கள் ஐஸ் தொட்டிகளைச் சுற்றிக் குட்டைப் பலகைகளில் உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து இறால் உரிப்பார்கள்.

கங்காதரன் ஒன்றும் பாட்டுப் பிரியன் இல்லை. அங்கே உரிக்கிறவர்களில் ஒருத்தியான ஜெயம்மா பாடும் நாளில் ஷெட்டே அவள் தாளத்துக்கு உரிக்கிறது, அவள் வராத நாளில் கைகள் தூங்கி வழிகின்றன என்று கவனித்திருந்தான். அவ்வளவுதான். பெரிய பாட்டுகூட இல்லை அது.

"வாங்கடி வாங்க, வேலைக்கு வாங்க.
தலையக் கிள்ளு, தோல உரி,
நரம்ப இழு, தட்டுல போடு."

இதையே திரும்பத் திரும்பப் பாடுவாள். நல்ல கனத்த குரல். அவள் வாயருகே பெட்டியைப் பிடித்து ஒரு கேசட் முழுக்கப் பதிவு செய்தான். ஜெயம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். பாவம், பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து கேசட் பாடியது. பெட்டியின் முதுகில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் சின்னத் திருகாணி ஒன்று இருந்தது. கங்காதரன் அதைத் தினமும் ஒரு மயிரிழை திருப்பினான். யாருக்கும் தெரியவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்று ஆனது, கைகளும் கூடவே ஓடின. தன் குரலுக்கே ஈடுகொடுக்க முடியாமல் முதலில் மூச்சுவாங்கியவள் ஜெயம்மாதான். ஒரு நாள் இறால் தலையின் கூர்முள் கொம்பு அவள் கட்டைவிரலுக்குள் ஏறி முறிந்தது. நிறுத்தி எடுக்க அவன் விடவில்லை. கை வீங்கி, நீலம் பாரித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை கங்காதரன் பொத்தானை அமுக்கினான்.

"வாங்கடி வாங்க, வேலைக்கு வாங்க..."

ஷெட்டில் ஒரு கைகூட அசையவில்லை.

அந்தக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. விடியலில் வலைக்குப் போகிறவர்கள் வீடு வீடாகக் குரல் கொடுத்துக் கூட்டாளிகளை எழுப்பிக்கொண்டு போவார்கள். சாவு விழுந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை, வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். வேலைக்குக் கூப்பிட்டால் செத்தவர் எழுந்து வந்துவிடுவார் என்று பயம். இங்கே செத்தவளின் குரலே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வாணாம் முதலாளி," என்றாள் பரீதா. ஜெயம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து உரித்தவள் அவள். "அக்கா வந்துடும்."

"வந்தா நல்லதுதானே? ரெண்டு கை கூட ஆவுது," என்று சிரித்தான்.

வந்தாள்.

அவள் பலகை காலியாகத்தான் இருந்தது. அதன் அடியில் ஈரம் பரவியது. முன்னாலிருந்த தட்டு தானாக நிரம்பியது. நரம்புகள் ஒன்றுகூட அறுபடாமல் முழு நூலாக இழுக்கப்பட்டு, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கரையில் அப்படி அடுக்குகிறவள் ஒருத்திதான்.

பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கங்காதரனும் பயந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பயம் ஒரு நாளைக்கு மேல் நிற்கவில்லை. ஓடியவர்கள் யாரையும் அவன் திரும்பக் கூப்பிடவில்லை. சாயங்காலம் தொட்டிகளை இறாலால் நிரப்பி, பெட்டியை ஓடவிட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போனான். கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் நின்றுவிட வேண்டும். அது நிற்கவில்லை. காலையில் திறந்தால் அத்தனை இறாலும் உரித்துத் தயாராக இருந்தது. அவன் திருகாணியை இன்னும் திருப்பினான். செத்தவளுக்கு மூச்சுவாங்காது என்பது அவன் எண்ணம்.

ஜெயம்மாவின் மகள் தேவகியும் அதே ஷெட்டில் உரித்தவள்தான். ஒரு ராத்திரி அவள் வெளியே நின்று ஜன்னல் ஓட்டையில் காது வைத்துக் கேட்டாள். கீச்சுக் குரலுக்கு நடுவே விரல்கள் ஓடும் சரசரப்பு. அதற்கும் அடியில், வலி தாங்காதபோது அம்மா பல்லைக் கடிப்பாளே, அந்தச் சத்தம். செத்த பிறகுமா ஒரு மனுஷியைப் பிழிவார்கள்?

பதினாறாம் நாள் காலை, இடுப்பில் கைக்குழந்தையோடு அவனிடம் போய் நின்றாள். காற்று மாறியிருந்ததால் ஏரியில் படகு எதுவும் இறங்கவில்லை. தொட்டிகள் காலியாகக் கிடந்தன.

"இன்னிக்குக் காரியம் முதலாளி. இன்னிக்கு மட்டும் கூப்டாதீங்க. கூப்டலன்னா எங்கம்மா போய்ச் சேந்துடும். சரக்கும் இல்ல. உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

கங்காதரன் குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். "கூப்டல. போ. நிம்மதியா காரியத்தப் பாரு."

அவள் தெருமுனை திரும்பும்வரைகூட அந்தச் சொல் நிற்கவில்லை. இன்று விட்டால் ஜெயம்மா நாளை வரமாட்டாள். அது ஒன்றுதான் அவன் பயம். காரியம் முடியும்வரை பெட்டி ஓட வேண்டும், யாரும் வந்து நிறுத்திவிடக் கூடாது என்று தானும் உள்ளே உட்கார்ந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டான்.

"வாங்கடி வாங்க, வேலைக்கு வாங்க."

பல்பு மங்கியது. பலகையடியில் ஈரம் பரவியது.

ஏதோ ஒன்று முதல் தொட்டியைத் துழாவியது.

காலி.

அடுத்த தொட்டி.

காலி.

கங்காதரன் பொத்தானை அமுக்கினான். பாட்டு நிற்கவில்லை. பேட்டரிகளைப் பிடுங்கி எறிந்தான். பாட்டு நிற்கவில்லை.

"ஜெயம்மா," என்று கிசுகிசுத்தான். "சரக்கு இல்லம்மே. வூட்டுக்குப் போம்மே."

ஐஸ் போன்ற விரல்கள் அவன் சுண்டுவிரலைப் பிடித்தன. அவன் திருப்பிவைத்த அதே வேகத்தில் வேலை ஆரம்பித்தது.

கரையில் காரியம் செய்துகொண்டிருந்தவர்கள் அலறல் கேட்டு ஓடிவந்து கதவை உடைத்தார்கள். கங்காதரன் உயிரோடுதான் இருந்தான். பத்து விரலிலும் தோல் இல்லை. நகங்கள் ஒரு குவியல், தோல் ஒரு குவியல். தட்டின் ஓரத்தில் நரம்புகள் அறுபடாமல் வரிசையாக இருந்தன. அவனை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஒருவர்கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

தேவகி அந்தப் பெட்டியைக் குழவிக்கல்லால் நசுக்கி, கேசட் நாடாவை உருவி அடுப்பில் போட்டாள். பாதியில் விட்ட காரியத்தையும் முடித்தார்கள். இனி அம்மாவை வேலைக்குக் கூப்பிட ஒரு வாயும் இல்லை என்று அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்தாள். பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

விடியலில் வலைக்காரர்கள் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். காரியம் முடிந்த வீடு என்பதால் இன்று இங்கேயும் நின்று கூப்பிட்டார்கள். தேவகியின் புருஷன் எழுந்து துடுப்போடு போனான். அவர்கள் பேச்சு கரைப்பக்கம் இறங்கி அடங்கியது.

பிறகு இன்னொரு குரல் கேட்டது. கீச்சென்று, மூச்சுவிட இடமில்லாத வேகத்தில்.

"வாங்கடி வாங்க, வேலைக்கு வாங்க."

கதவுக்கு வெளியேதான்.

தேவகி முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது.

சொல்லவில்லை.

ஆனால் அவளுடைய கைகள் எழுந்துகொண்டன. எத்தனையோ நாள் அந்தக் குரலுக்கு ஓடிப் பழகிய கைகள். அவள் தடுக்கத் தடுக்க, பாயில் தடவிக்கொண்டே போய், தூங்கும் குழந்தையின் கால் கட்டைவிரலைக் கண்டுபிடித்தன.

குழந்தை கூச்சம் தாங்காமல் தூக்கத்தில் சிரித்தது.