காந்தத்தில் ஒட்டிய தோட்டா

"இது உள்ளே போகாது சார்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழையில் நனைந்த தலை... அழுது ஓய்ந்தது போன்ற கண்கள்.

அந்த உள்ளரங்கத் துப்பாக்கிச் சுடுதளத்தில், வருபவர்கள் கொண்டுவரும் தோட்டாக்களைச் சோதிப்பது அவள் வேலை. அவன் நீட்டிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காந்தத்தின் அருகே கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டியது.

"பாத்தீங்களா? இரும்பு கலந்தது. சுவத்துல பட்டா பொறி பறக்கும், தெறிச்சுத் திரும்பி வரும். உள்ள ஈயம், மேல செம்பு... அதுக்குத்தான் அனுமதி. எங்ககிட்டயே இருக்கு, தரட்டுமா?"

"இது எங்கப்பா வாங்கினது. அவர் போய் மூணு மாசமாச்சு. இதைத்தான் சுடணும்."

"யார் வாங்கினாலும் இரும்பு இரும்புதான் சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை இரவு தன் ஒற்றை அறைக்குத் திரும்பியும் அந்தக் கண்கள் விடவில்லை. அண்ணன் குடும்பத்தோடு அம்மாவும் வேறு ஊருக்குப் போனபிறகு, அவளோடு பேச அங்கே யாருமில்லை. சுடுதளப் பதிவேட்டில் அவன் தொலைபேசி எண் இருந்தது. 'விதியைத்தானே சொன்னேன்... நான் ஏன் இறங்கிப் போகணும்?' வீம்பு விரலைப் பிடித்துக்கொண்டது.

மூன்று சனிக்கிழமைகள் வீணாயின. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்.

நான்காவது சனிக்கிழமை வந்தான். வெறுங்கையோடு.

"உங்க தோட்டாவே குடுங்க."

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது..."

"நீங்க சொன்னது சரிதான். அப்பா வாராவாரம் தனியா சுடப் போவார். 'ஒரு தடவை என்கூட வாடா'ன்னு கூப்பிடுவார். நான் போனதே இல்ல."

அவள் காதுக்கவசத்தை எடுத்துக் கொடுத்து, தானும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சுடுதளத்துத் துப்பாக்கியால் ஒரே ஒரு குண்டு சுட்டான். இலக்கின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. துப்பாக்கியை மேசையில் வைத்தான். தோள் குலுங்கியது. அழுது முடிக்கும்வரை அவள் நகரவில்லை.

பிறகு அவன் உதடு மெல்ல அசைந்தது.

கவசத்தைக் கழற்றினாள். "என்ன சொன்னீங்க? கேக்கல."

"அப்பா போனதுக்கப்புறம் என்கிட்ட முகம் பாத்துப் பேசினது நீங்க ஒருத்தர்தான். அதுவும் சண்டை..." லேசாகச் சிரித்தான். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

அவள் முகம் சிவந்தது.

"மூணு சனிக்கிழமையா வாசலையே பாத்துட்டிருந்தேன்... ஏங்க வரல?"