தண்ணீர் நிற்கும் உயரம்

போன புயலில் வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால் வரைதான் வந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் தையல் மெஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். வடிந்தபின் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு தங்கிவிட்டது. இந்த வருஷத்துப் புயல் காலம் தொடங்குவதற்குள் பெயிண்டரைக் கூப்பிட்டு அதன்மேல் இரண்டு பூச்சு அடித்தும் ஆயிற்று. இப்போது அதே சுவரில், அதே பழுப்பில், கோடு மறுபடியும் வந்திருந்தது. ஆனால் இடுப்பு உயரத்தில்.

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். காய்ந்த சேறு. முகர்ந்தால் வடிகால் வாடையும், ஊறிப்போன மெத்தையின் வாடையும் சேர்ந்தடித்தன.

"ஏங்க, இங்க வாங்களேன்."

கணவன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே எட்டிப் பார்த்தான். பேருந்து ஓட்டுகிறவன், காலையில் எதையும் நின்று பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது. "ஈரம் மேல ஏறியிருக்கும். அதை விடு, இன்னைக்குப் புயல் உண்டா வானிலை மேடம்? குடை எடுத்துக்கவா?"

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பழகிவிட்டது. புயல் காலம் தொடங்கியதிலிருந்து கைபேசியும் கையுமாகத்தான் இருந்தாள். மெஷினை மிதிக்கும்போதும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கடல்மேல் பஞ்சு மாதிரி ஏதாவது சுருள்கிறதா என்று பார்ப்பாள், மூடுவாள், உடனே மறுபடி திறப்பாள். கடல் சும்மாதான் கிடந்தது. டிவியிலும் அதையேதான் சொன்னார்கள். அப்படியும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஊசி இரண்டு முறை விரலைப் பதம் பார்த்தது.

பெயிண்டர் வந்து சுவரைச் சுரண்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஈரம்னா திட்டுத் திட்டா பூக்கும்க்கா. இது நூல் புடிச்ச மாதிரி இருக்கு. எனக்கே இவ்வளவு நேரா வராது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பூச்சு காயும்வரை கோடு காத்திருக்கவில்லை. மறுநாள் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அன்று தைத்த துணியை வாங்க வந்த, பேங்கில் வேலை பார்க்கும் அக்கா கவுனை விரித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "என்னம்மா இது, தோள்ல சேறு?"

மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள். பிறகு கம்பியில் தொங்கிய மற்ற துணிகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கறை. நீளக் கவுனில் தோளருகே, சின்னச் சட்டையில் வயிற்றருகே, உயர மாட்டியிருந்த பாவாடையில் ஓரத்தில். முதலில் தாறுமாறாகத் தெரிந்தது. ஆனால் தையல்காரி கண் அவளுடையது. பாவாடை ஓரம் கோணாமல் இருக்கத் தரையில் நிறுத்திக் குறி வைக்கும் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு துணிக்கும் பக்கத்தில் நிறுத்தினாள். எல்லாம் ஒரே உயரம். சுவர்க்கோட்டின் உயரம். வெள்ளம் வடிந்தபிறகு வாங்கிய பிரிட்ஜிலும், போன வாரம் மாட்டிய திரையிலும், பீரோக் கண்ணாடியிலும் அதே உயரம்.

இது வந்துபோன தண்ணீரின் தடம் இல்லை. இனிமேல் வரப்போகிற தண்ணீர். அது நினைப்பில் தட்டியதும் மறுபடி கைபேசியைத் திறந்தாள்.

சாயங்காலச் செய்தியில் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாகச் சொன்னார்கள். கரைக்கு வருமுன் வலுவிழந்துவிடும் என்றும் சொன்னார்கள். மகள் பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்தாள். சிட்டு என்றுதான் கூப்பிடுவது. அந்தப் பெயருக்கேற்ற மாதிரி அவளுக்கும் ஒரு இடத்தில் கால் தரிக்காது. சீருடைப் பாவாடையை இறக்கித் தைக்க வேண்டியிருந்தது.

"ஸ்டூல்ல ஏறி நில்லுடி."

சிட்டு ஏறி நின்றாள். வாயில் குண்டூசியோடு நிமிர்ந்தவள் கண்ணில் மகளின் இடுப்பைச் சுற்றி ஓடிய பழுப்புக் கோடு பட்டது. பள்ளியில் எங்கோ சேற்றில் விளையாடியிருக்கிறாள். திட்ட வாயெடுப்பதற்குள் சிட்டு குதித்து இறங்கினாள்.

கோடு கழுத்தில் இருந்தது.

"ஏறு."

இடுப்பில்.

"இறங்கு."

கழுத்தில். சட்டைமேல் இல்லை. தோலில்.

"என்னம்மா விளையாட்டு இது?" சிட்டு சிரித்தாள். தாய் மெல்லக் குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டாள். அங்கேயும் இருந்தது.

பணி முடிந்து வந்த கணவன் முதலில் கேலிதான் செய்தான். அப்புறம் தானே ஈரத்துண்டு எடுத்து மகள் கழுத்தைத் துடைத்தான். சோப்புப் போட்டுத் துடைத்தான். சிட்டு வலிக்கிறது என்றாள். துண்டில் கறை ஒட்டவே இல்லை. அவன் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினான்.

அவளுடைய அண்ணன் வீடு கடலைவிட்டு வெகுதூரத்தில், மேட்டு நகரத்தில், அடுக்குமாடியின் உச்சியில். மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் சிட்டுவுக்குக் கழுத்தில் துப்பட்டா சுற்றியிருந்தாள். பேருந்து மேடேற மேடேற அவளுக்கு மூச்சு சீரானது.

அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தங்கை மனம் நோகாமல் சிரிக்கப் பார்த்தான். "இங்க தண்ணி வரணும்னா கடலுக்கே லிப்ட் வேணும்மா. என்ன மாப்பிள்ளை?"

கணவனும் சிரித்தான். அவள் சிட்டுவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் துப்பட்டாவை அவிழ்த்தாள். கழுத்து பளிச்சென்றிருந்தது. திருப்பிப் பார்த்தாள். முதுகிலும் இல்லை. தோளிலும் இல்லை. மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சிட்டு, "விடும்மா, கூசுது" என்று நெளிந்தாள்.

கூடத்தில் டிவி ஓடியது. தாழ்வு நிலை கடலிலேயே கலைந்துவிட்டதாம். கணவன் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அண்ணன் டீ போட்டான். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பல நாளுக்குப் பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் கால் சும்மா இருக்கவில்லை. எழுந்து சுவரோரமாகவே நடந்தாள். முழங்கால் உயரத்தில் ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்தில் ஒன்றுமில்லை. தலைக்கு நேராகவும் ஒன்றுமில்லை.

கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி, தளர்ந்து, நின்றது.

"இங்கயும் இதே தொல்லைதான்" என்றான் அண்ணன். குரல் தூரத்திலிருந்து வந்தது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி. தெருவில் ஓடிய வண்டிகளின் சத்தமும் அடங்கிக்கொண்டே போனது.

வடிகால் வாடை.

நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தாள். அதன் இறக்கைகளுக்குப் பின்னால், சுவரில், கூரைக்கு ஒரு சாண் கீழே.

நூல் பிடித்த மாதிரி.

நான்கு சுவரிலும். கோடு போகவில்லை. எல்லார் தலைக்கும் மேலே ஏறியிருந்தது.

"சிட்டு."

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கணவன் டீயை வாய்க்குக் கொண்டுபோனான். அண்ணன் எதற்கோ சிரித்தான். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிட்டு சோபாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று இல்லை. திரை அசையவில்லை.

காலையில் அவள் இறுக்கிப் பின்னிவிட்ட மகளின் ஜடை, முதுகைவிட்டு மெல்லப் பிரிந்து, நுனி முதலில், அப்புறம் முழுவதுமாக, மேலே எழும்பி, இங்கும் அங்கும் சாவகாசமாக ஆடியது.

சிட்டு திரும்பினாள். "அம்மா" என்று வாயைத் திறந்தாள்.

ஒரே ஒரு குமிழி.