மெலியாத முயல்கள்

நாலைந்து நாளாக ஒருவரும் தீனி வைக்காத முயல்கள் கொழுத்திருந்தன.

சித்ரா அதை எதிர்பார்க்கவில்லை. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, கத்திரி வெயிலில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் சாலையில் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தபோது, செத்துக் கிடப்பவற்றை எதில் அள்ளி எங்கே புதைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். கோடை விடுமுறையில் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆயா ஜெயம்மாள் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள் என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. பூட்டிய பள்ளி, தகரக் கூரை, காய்ந்த கிண்ணங்கள். விழுப்புரத்தில் தெருத்தெருவாக அட்மிஷன் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தவளுக்கு, கேட்டைத் திறப்பதற்கு முன்பே மூக்கில் பிணவாடை அடித்தது.

ஆனால் கே.ஜி. கட்டடத்துக்குப் பின்னால் வாடையே இல்லை. கூண்டுகள் சுத்தமாக இருந்தன. முயல்கூண்டின் மணல் தரையில் ஒரு புழுக்கை இல்லை. விளக்குமாற்றின் தடம் இல்லை. யாரோ உட்கார்ந்து விரல்களாலேயே கோதிவிட்டது போல நீளநீளமான கோடுகள் மட்டும் இருந்தன. கிண்ணங்களில் விளிம்பு தொடத் தண்ணீர். தொட்டுப் பார்த்தாள். அந்த வெயிலிலும் மண்பானைத் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தது. முயல்களும் கினி பன்றிகளும் பளபளவென்று கொழுத்து ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. சத்தம்தான் இல்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே காதைத் துளைக்கும் லவ் பேர்ட்ஸ்கூடக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தன.

ஜெயம்மாளுக்கு ஃபோன் போட்டாள்.

"ஜெயம்மாக்கா, நீங்க வர்றதில்லன்னு சொன்னீங்களே, அப்ப இங்க யாரு தீனி வச்சது?"

ஜெயம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் வைக்கல மிஸ்ஸு. நான் வர்றதுக்கு முன்னாடியே வச்சிருந்துச்சு, டெய்லியும். நான் அறுத்துக்கினு போன புல்ல ஒண்ணும் மோந்துகூடப் பாக்கல. அதான் நின்னுட்டேன்."

"வாட்ச்மேன் வச்சிருப்பாரு."

"அவரு லீவு விட்ட அன்னிக்கே மரக்காணம் போயிட்டாரு. அங்க ஒண்டியா நின்னுக்கினு இருக்காதீங்க. ஜல்தியா கெளம்புங்க."

சாக்குச் சொல்கிறாள் என்று சித்ரா நினைத்தாள். பக்கத்து ஊர்க்காரர் யாராவது இரக்கப்பட்டிருக்கலாம். சுற்றுச்சுவர் ஒன்றும் அத்தனை உயரமில்லை. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஏனென்றால் இந்தக் கூண்டுகளுக்காக இதுவரை வாயைத் திறந்த ஒரே ஆள் அவள்தான். பெட் கார்னர் என்று பெயர் வைத்து, கரஸ்பாண்டென்ட் வேங்கடேசன் ரிப்பன் வெட்டித் திறந்த நாளிலிருந்து, பிள்ளைகள் வலைக்குள் பென்சிலை விட்டுக் குத்துவதையும், சிப்ஸைத் திணிப்பதையும், தகரத்தின் சூட்டில் கினி பன்றிகள் விலா துடிக்க மூச்சு வாங்குவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை போய்ச் சொன்னாள். "உங்களுக்குத்தான் இவ்ளோ அக்கறை இருக்கே மிஸ், நீங்களே சூப்பர்வைஸ் பண்ணுங்க" என்றார் அவர், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த மாமனாரைப் புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். பள்ளியில் இது. அக்கறை உள்ளவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் எல்லோரும் தங்கள் கையிலிருப்பதை அவள் மடியில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மறுநாள் கொஞ்சம் முருங்கைக் கீரையோடு வந்தாள். முயல்கள் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் சொறி பிடித்துப் பொருக்குத் தட்டியிருந்த கிழட்டு முயலைத் தேடினாள். பொருக்கு இல்லை. காது ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. முதுகு மயிர் ஈரமாக, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. குனிந்து முகர்ந்தபோது பால் குடித்த குழந்தையின் வாயிலிருந்து வருவது போல ஒரு புளித்த வாசனை. தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய ஈரம் இல்லை அது. ரொம்ப நேரம் பொறுமையாக நக்கிவிட்ட ஈரம்.

தீனிக் கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ கூழ் இருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தாள். பச்சை மல்லாட்டை, தோல் உரித்த வேர்க்கடலை. அரைத்தது இல்லை, இடித்ததும் இல்லை. பாதி உடைந்த பருப்பு ஒன்றில் பல் பதிந்த தடம் இருந்தது. அந்தப் பல் முயலுடையது இல்லை.

விரலைப் புடவையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். அப்போது ஃபோன் அடித்தது. மகள் சங்கவி.

"அம்மா, தாத்தா பெட்லயே ஆய் போய்ட்டாரு. எப்போ வர்ற?"

"வர்றேன்."

"அப்பா இன்னும் சாப்பிடல. குழம்பு இல்லியாம்."

"வர்றேன்டி."

ஆனாலும் உடனே எழுந்து போகவில்லை. கூண்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. அந்த நிழலில் மட்டும் காற்று வேறு மாதிரி இருந்தது. நெடுஞ்சாலையின் இரைச்சல் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. அவளிடம் எதையும் கேட்காத ஓர் இடத்தில் இருக்கிறோம் என்று தோன்றியது. பயம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக உடம்பு முழுக்க வலி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மேலே தூக்கி வைத்து, ஒரே ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினாள்.

விழித்தபோது வெயில் சுவரின் மறுபக்கம் போயிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியிருந்தாள். பக்கத்திலிருந்த பாட்டில் நிறைய ஜில்லென்று தண்ணீர். காலியாகக் கொண்டுவந்த பாட்டில் அது. பாதங்களில் ஏதோ குளுகுளுவென்று இருந்தது. குனிந்து பார்த்தாள். வெடிப்பு வெடிப்பாக, தெருப்புழுதி ஏறிக் கறுத்துக் கிடந்த குதிகால்கள் கழுவிவிட்டது போல வெளுத்திருந்தன. இன்னும் ஈரம் காயவில்லை. கால்விரல் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய துண்டுகள் பெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னக் குவியலாக இருந்தன. அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு குவியல். கொக்கி போல வளைந்தவை. முயல் நகங்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மெயின் ரோடு வரைக்கும் ஓடினாள்.

அன்று வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வது? என் காலை யாரோ கழுவினார்கள் என்றா? கணவர் மணிமாறன் காலைப் பார்த்துவிட்டு, "என்ன, பார்லர் போனியா?" என்று கேட்டார். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டினாள். வாய் ஓரத்தில் வழிந்ததை வழித்து வாய்க்குள் விட்டாள். கை பாதியில் நின்றது.

காலையில் திண்டிவனத்தில் கரஸ்பாண்டென்ட் வீட்டுக்கே போனாள். எதையும் விளக்கவில்லை. மிருகங்களுக்கு அங்கே பாதுகாப்பு இல்லை, யாரோ உள்ளே வந்து போகிறார்கள், எல்லாவற்றையும் எங்காவது கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். முதல்முறை கூண்டுக்குப் போனபோது ஃபோனில் எடுத்திருந்த படங்களை அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பரா மெயின்டெயின் பண்ணிக்கினு இருக்கீங்களே மிஸ்! எவ்ளோ கொழுகொழுன்னு இருக்குது பாருங்க. இத வச்சே புது ஃப்ளெக்ஸ் அடிக்கலாம்."

"சார், அதுங்க ஏதும் தானா சாப்பிடறதில்ல. கத்தறதுகூட இல்ல."

"கத்தாம இருந்தா நல்லதுதானே? ஜூன் வரைக்கும் பாத்துக்குங்க. அப்புறம் பேசலாம்."

வெளியே வந்து, வெயிலில் நின்று, ஜெயம்மாளைக் கூப்பிட்டாள். தானே எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். விழுப்புரத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அப்புறம் யாரிடமாவது கெஞ்சிக் கொடுத்துவிடலாம். வேலை போனால் போகட்டும். அவளைத் தவிர அதுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஜெயம்மாள் கேட் வரை வந்தாள். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"இங்கியே நிக்கறேன் மிஸ்ஸு. நீங்க எடுத்தாந்து குடுங்க, நான் ஆட்டோல ஏத்தறேன்."

"பட்டப்பகல்லயே என்ன பயம் உங்களுக்கு?"

"பயம் இல்ல மிஸ்ஸு." ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கடைசி நாளு பெஞ்சில குந்தினேன். யாரோ தலைய வருடுனாங்க. பேன் பாக்கற மாதிரி. எங்க அம்மா கைன்னு நெனச்சுக்கினு அப்படியே குந்திட்டு இருந்துட்டேன். எங்கம்மா செத்து எவ்ளோ வருஷம் ஆவுது. நீங்க ஜல்தியா வந்துடுங்க. உள்ள குந்தாதீங்க. எவ்ளோ அசதியா இருந்தாலும் குந்தாதீங்க."

சித்ரா அட்டைப்பெட்டியோடு உள்ளே போனாள். உச்சி வெயில். கே.ஜி. சுவரில் வரைந்திருந்த யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பளீரென்றிருந்தன. பயப்பட இதில் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முயல்கூண்டு ஆள் நுழையும் அளவுக்கு உயரமானது. தாழ்ப்பாளை நீக்கி, தலையைக் குனிந்து நுழைந்தாள்.

முயல்கள் மூலையில் குவிந்திருந்தன. ஒன்றைத் தூக்கினாள். கனமாக, தளர்ந்து, மாவு மூட்டை போலத் தொங்கியது. உதறவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்தது.

உள்ளே பல் இல்லை.

இன்னொன்றைத் தூக்கி உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். இல்லை. ரத்தம் இல்லை, காயம் இல்லை. வழுவழுவென்று, ரோஜா நிறத்தில், குழந்தையின் ஈறு போல. சுவரோரத்தில் நொய்யரிசி சிந்தியது போல ஏதோ வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தது. அரிசி இல்லை அது.

மென்று கொடுக்க ஒருவர் இருக்கும்போது பல் எதற்கு?

அந்த எண்ணம் தன்னுடையதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. மெதுவாக. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

திரும்பினாள். வலைக்கு வெளியே யாரும் இல்லை. வேப்பநிழல். வெயில். முயல்கள் எல்லாம் தலையைத் தூக்கின. அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தன.

புளித்த பாலின் வாசனை.

உச்சந்தலையில் ஒரு கை பட்டது.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். ஜெயம்மாள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறாள். ஆனால் அந்தக் கை வகிட்டிலிருந்து மெல்ல இறங்கியது. சிக்கு எடுத்தது. காதோரம் ஒதுக்கியது. விரல்கள் நீளம். கழுத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, முதுகுவரை வந்தும் விரல்கள் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணல் ஜில்லென்றிருந்தது. ஒரு முயல் அவள் மடியில் ஏறிப் படுத்தது. கஞ்சி வைக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குழம்பு வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக யாரோ அவள் தலையிலிருந்து பேன் எடுப்பது போல எடுத்துக்கொண்டே வந்தார்கள்.

கண் மூடியது.

"மிஸ்ஸு!"

கேட் பக்கமிருந்து ஜெயம்மாளின் குரல். தொண்டை கட்டியிருந்தது. ரொம்ப நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் போல.

"மிஸ்ஸு! டீச்சரம்மா! எங்க இருக்கறீங்க? குரல் குடுங்க!"

சித்ரா விழித்தாள். வெயில் இன்னும் இருந்தது. உடம்பில் எங்கும் வலி இல்லை. தலைமுடி ஈரமாக, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. இங்கே இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தாள்.

நாக்கு மேலே போய்த் தேடியது. கீழே தேடியது. வழுவழுவென்றிருந்தது.

ஜெயம்மாளின் குரல் தேய்ந்துகொண்டே சாலைப் பக்கம் போனது. முயல்கள் விலகி வழி விட்டன. தலைக்கு மேலிருந்து, அந்த நீள விரல்களின் நுனியில், மென்ற மல்லாட்டையின் வெள்ளைக் கூழ் சொட்டுச் சொட்டாக வழிய, கை அவள் உதட்டருகே வந்து, அவசரமே இல்லாமல், காத்துக்கொண்டிருந்தது.