பார்க்கலாம் என்றால் வேண்டாம்

“அம்மா, தயிர் வரவழைக்கட்டுங்களா?” என்று குளிர்பெட்டி அன்று காலை ஏழாவது முறையாகக் கேட்டது.

“பாக்கலாம்,” என்றாள் வளர்மதி, முதல் ஆறு முறை சொன்னதைப் போலவே.

பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று பொருள். கோயம்புத்தூரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும், இயந்திரத்துக்குத் தெரியவில்லை. பார்க்கலாம் என்றவள் இந்நேரம் பார்த்து முடித்திருப்பாள் என்று நம்பி, கால் மணிக்கொரு தரம் வாயைத் திறந்தது.

அந்நாளில் வீட்டு இயந்திரங்களுக்கு அவரவரே நிரல் எழுதிக்கொண்டார்கள். நிரலேட்டைத் திறந்து, பேசுகிற தமிழில் சொன்னால் போதும். அது இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிவிடும். ஆனால் நம்மவர்கள் சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று ஆயிற்றே! அதற்காகவே நிரலேட்டின்மேல் பொருத்திக்கொள்ள ‘உட்பொருள்’ என்ற ஒட்டு ஒன்று இருந்தது. அந்த ஒட்டின் மூலநிரல் திறந்தே இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஒட்டின் காப்பாளன் தீபன் சரிபார்த்து இணைத்துக்கொள்வான். எழுதியவர் பெயர் அந்த வரியின் அருகிலேயே நிற்கும்.

வளர்மதி அன்றே தன் முதல் திருத்தத்தை அனுப்பினாள். ஒரே வரி: ‘பார்க்கலாம்’ என்றால் மறுப்பு.

பத்து நிமிடத்தில் தீபன் அழைத்துவிட்டான். “அக்கா, ரெண்டு வருசமா இதுக்குத்தானுங்க காத்துக்கிட்டிருந்தேன். இன்னும் இருக்குங்களா?”

இருந்தது, மூட்டை மூட்டையாக. கல்யாண மண்டபத்தில் முன்பதிவு பார்ப்பவள் அவள். ‘வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்’, ‘அதுக்கென்ன, செஞ்சாப் போச்சு’, ‘நேரம் வரட்டும்’ என்று மறுப்புகளைக் கேட்டே பழுத்த காது. மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் இருவரும் மணிக்கணக்கில் வாதாடினார்கள். ‘ஆகட்டும்’ என்பதை வெட்டிச் சொன்னால் சம்மதம், இழுத்துச் சொன்னால் மறுப்பு என்று பிடித்தவன் தீபன்தான். கூடப்பிறந்த தம்பி இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்தாள். மண்டபத்திலும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தமிழ்நாடு முழுக்க இயந்திரங்கள் ஒருவழியாக வாயை மூடின.

ஒருநாள் தீபன் திடீரென்று கேட்டான். “ஒரு பெரிய நிறுவனம் நம்ம ஒட்டக் கேக்குதுங்க்கா. மூலத்த மூடிக் குடுக்கோணுமாம். எழுதுன எல்லாரும் சம்மதிக்கோணும். மத்தவங்க சரின்னுட்டாங்க. குடுத்தர்லாங்களா?”

ஊருக்காக எழுதியதை ஒருவன் பூட்டிவைப்பதா? ஆனால் தம்பி போன்றவனிடம் முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது?

“பாக்கலாங் கண்ணு,” என்றாள்.

அவன் சிரித்தான். பிறகு மழையைப் பற்றிப் பேசினான். புரிந்துகொண்டான் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து ‘உட்பொருள்’ புதிய பதிப்பாக வந்தது. அதே நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். ‘மறுப்பு’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘சம்மதம்’ என்று இருந்தது, அவ்வளவுதான். அந்த நிறுவனம் அதை பொருளும் சேவையும் விற்கிற இயந்திரங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தது. யார் எப்போது நாசூக்காக மறுக்கிறார்கள் என்று அவள் போட்டுக்கொடுத்த பட்டியலை வைத்தே பிடித்து, அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டார்கள்.

ஈரோட்டில் ஒருவர் கல்யாணத் தரகு இயந்திரத்திடம் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றார். சாயங்காலத்துக்குள் மகளின் நிச்சயதார்த்த அழைப்பு சொந்தபந்தம் முழுக்கப் போய்விட்டது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்ற பெரியவரை ஏற்றிப்போக வாசலில் வண்டி வந்து நின்றது. மூலத்தை யாரும் பார்க்க முடியாது. எழுதியவர் பெயரை மட்டும் எல்லோரும் பார்க்கலாம். ஊரே வளர்மதியைத் திட்டியது. மண்டபத்தில்கூட யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் சம்மதிக்கவே இல்லை என்று தீர்ப்பாயத்தில் முறையிட்டாள். அதை நிரூபித்தால் மூலம் மறுபடி திறக்கும். அவள் பெயரும் மீளும். அதிகாரி அம்மாள் அவளும் தீபனும் பேசிய பதிவைத் தன் நிரலேட்டில் போட்டார். தீர்ப்பாயத்திலும் அதே ஒட்டுதான், புதிய பதிப்பு. ‘பாக்கலாங் கண்ணு’ என்ற சொற்கள் திரையில் வந்தன. பக்கத்திலேயே விளக்கம்: சம்மதம். பங்களித்தவர்: வளர்மதி.

“நான் மறுப்புன்னுதானுங்க எழுதுனேன்!”

“பேரு உங்க பேருதானுங்களே?” என்றார் அதிகாரி. குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. மனு தள்ளுபடி ஆனது.

வெளியே படியில் தீபன் நின்றிருந்தான். நம்பவைத்துக் கழுத்தறுத்தவனுக்கு முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

“ஒரே வார்த்த, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுங்களேக்கா.”

வளர்மதி அவனை மறித்து நின்றாள். “நானூத்திப் பன்னெண்டையும் எங்கூட உக்காந்து பாத்தவன் நீ. நாஞ் சொன்னது உனக்குமா புரியல?”

“புரிஞ்சுதுங்க்கா,” என்றான் தீபன். “அதனாலதான் ரெண்டாந்தடவ கேக்கல.”