பதிவில் இல்லாத மொழி

மருத்துவர் சின்ன இடுக்கியால் மாலதியின் இடது காதிலிருந்து கேள்மணியை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்தார். மிளகளவே இருந்த அந்தக் கருவியைச் சுற்றிச் சீழ் ஒட்டியிருந்தது.

"பத்து நாளைக்கு இதைப் போடாதீங்க. உள்ளே புண்ணாகியிருக்குது. ஆறட்டும்."

ஐந்து வயது மாலதி, அம்மா சாருமதியின் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்து என்னவோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். கேள்வி போல முடிந்தது. வழக்கம்போல அரை நொடிக்குள் அது தமிழாகக் காதில் விழும் என்று சாருமதி காத்திருந்தாள். அவளுடைய கேள்மணி வேறொன்றைச் சொன்னது:

"இம்மொழி பதிவில் இல்லை."

மருத்துவரும் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் ஒடிசாக்காரர்னு சொன்னீங்கல்லங்க? பாப்பா ஒடியா பேசுதாட்ட இருக்குது."

"ஒடியா பதிவுல இருக்குதுங்களே," என்றாள் சாருமதி.

உலகத்தில் பேசப்படும் ஆறாயிரத்துச் சொச்சம் மொழிகளும் அந்தப் பதிவில் இருந்தன. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதிவைக் காத்துவந்த நிறுவனத்தில்தான் பன்னிரண்டு வருடமாக மொழி ஆய்வாளராக இருந்தாள்.

கேள்மணி வந்த பிறகு திருப்பூரில் யாரும் யாருடைய மொழியையும் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை. பின்னலாடை ஆலையில் தையல் மிஷினுக்கு முன் உட்கார்ந்திருக்கும் வங்காளிப் பெண்ணிடம் மேலாளர் கொங்குத் தமிழில் கத்துவார். அவள் காதில் அது வங்காளத் திட்டாக விழும். அவள் முணுமுணுப்பது அவர் காதில் தமிழாக விழும். பேசுபவரின் அசல் குரலை அமுக்கிவிட்டு, அதே குரலில், கேட்பவரின் மொழியில் கருவி பேசும். ஆங்கிலம் சொல்லித்தந்த வகுப்புகளின் பலகைகள் எல்லாம் இறங்கி வெகுகாலம் ஆயிற்று. சாருமதி, ஆலை மெக்கானிக்கான நிரஞ்சனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதும் கேள்மணி வழியாகத்தான். ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு ஒடியாவில் பத்துச் சொல் தெரியாது. அவனுக்குத் தமிழில் அதுகூடத் தெரியாது. ஒரு நாளும் அது குறையாகத் தோன்றியதில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த நிரஞ்சனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை அவள்.

"இவ பேசறதக் கொஞ்சம் கேளுங்க. இது ஒடியாவுல எந்தப் பக்கத்துப் பேச்சு? உங்க ஊர்ப் பேச்சா?"

நிரஞ்சன் மகளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தான். கன்னத்தைத் தட்டி, வலிக்குதா என்று கேட்டான். அவள் அப்பாவின் வாயையே வெறித்தாள். பிறகு உதடு பிதுங்க, படபடவென்று பேசினாள். அதில் ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, ஒரே ஒலி திரும்பத் திரும்ப வாக்கியத்தின் கடைசியில் வந்தது. உளறல் இல்லை அது. ஒழுங்கான பேச்சு.

நிரஞ்சன் மெல்லத் திரும்பினான்.

"ஒடியாவா? சாரு, இது தமிழ்னு இல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலைக்குக் குளிக்கும்போது கேள்மணியைக் கழற்றி வைப்பது வழக்கம். அந்த நேரங்களில் குளியலறைக் கதவுக்கு வெளியே மாலதி பேசுவது புரியாத ஒலியாகக் கேட்டிருக்கிறது. அப்பன் பாஷை நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாள் சாருமதி. முகம் மழிக்கும்போது அவனும் கேட்டிருக்கிறான். தாய்மொழிதானே முதலில் வரும் என்று விட்டுவிட்டான். ஐந்து வருடமாகப் பிள்ளை மற்றவரின் மொழியைப் பேசுகிறது என்று இருவருமே நம்பியிருந்தார்கள்.

அன்று ராத்திரியே காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காரணமே அவள்தான்.

எட்டு வருடத்துக்கு முன் குழந்தைகளுக்கான கேள்மணி வந்தபோது ஏகப்பட்ட புகார்கள். குழந்தை ஒன்று சொல்லும், கருவிக்குப் புரியாது, திரும்பச் சொல்லச் சொல்லும், குழந்தை அழும். இதைத் தீர்க்கும் பொறுப்பு சாருமதியிடம் வந்தது. குழந்தை கருவிக்காக மாற வேண்டாம், கருவி குழந்தைக்காக மாறட்டும் என்று அவள் ஓர் ஆய்வுரை எழுதினாள். பார்வை போகும் திசை, நாடித்துடிப்பு, கை நீளும் விதம் எல்லாவற்றையும் வைத்து, குழந்தை என்ன ஒலி எழுப்பினாலும் அதன் பொருளைக் கருவி ஊகித்துக்கொள்ளும்படி செய்தாள். 'ப்பு' என்றால் பால் என்று ஒரு குழந்தை வைத்துக்கொண்டால், அந்தக் கருவிக்கும் 'ப்பு' என்றால் பால்; அந்தப் பொருளையே அது சுற்றியிருப்பவர்களின் கேள்மணிகளுக்கும் அனுப்பும். மற்றவர்கள் பேசுவதையும் அதே குழந்தைச் சொற்களில் மாற்றிக் குழந்தையின் காதில் போடும். அழுகை நின்றது. தாய்மார்கள் கொண்டாடினார்கள். நிறுவனம் அவளை மேடையேற்றிச் சால்வை போர்த்தியது.

எந்தக் குழந்தையும் பேச்சை மாற்றிக்கொள்வது, தான் சொல்வது அடுத்தவருக்குப் புரியவில்லை என்பதால்தான். அந்தப் புரியாமையை அவள் துடைத்தெடுத்திருந்தாள். 'ப்பு' ஒருநாளும் பால் ஆகவில்லை. அதன்மேல் வேறு சொற்கள் முளைத்தன, அவற்றுக்கு இலக்கணம் முளைத்தது, கருவியும் கூடவே வளர்ந்தது.

மறுநாள் மாலதியின் மழலைப் பள்ளிக்குப் போய், காதில் கேள்மணி இல்லாமல் கதவருகே நின்றாள். பன்னிரண்டு குழந்தைகள் மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், ஒருத்தி சொன்ன கதைக்கு மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். கேட்டது பன்னிரண்டு மொழி. ஒன்றின் ஒரு சொல்கூட இன்னொன்றில் இல்லை. அவள் அத்தனையையும் ஒலிப்பதிவு செய்துகொண்டாள்.

நிறுவனத்தில் துறைத்தலைவர் வேலாயுதசாமி ஒலிப்பதிவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. இதுல எந்தக் கொழந்தைக்காவது பேச வரலையா?"

"வருதுங்க சார். ஆனா..."

"எந்தக் கொழந்தைக்காவது அடுத்தவங்க சொல்றது புரியலையா?"

"கருவி இருக்கிறதால புரியுதுங்க. என்ற பொண்ணுக்குக் காதுல புண்ணு. 'வலிக்குதா'ன்னு கேட்கக்கூட எனக்கு வழியில்லைங்க சார்."

"பத்து நாள்தானே? கண்ணாடி உடைஞ்சா புதுசு வர்ற வரைக்கும் எனக்கும் கண்ணு தெரியறதில்லை. அதுக்காகக் கண்ணாடியே தப்புன்னு சொல்லுவமா?" அவர் குரலில் எகத்தாளம் இல்லை. "என்ற பேத்தியும் அப்படித்தான் பேசறா, எனக்குத் தெரியும். எங்க வீட்டுல போன வருசமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"என்ன பண்ணச் சொல்றே? ஊருக்குள்ள எத்தனை லட்சம் கொழந்தைங்க? நாளைக்கே எல்லாத்தையும் கழட்டுங்கன்னா, அத்தனையும் ஒரே நாள்ல ஊமையாயிடும். அந்தப் பாவத்த நீ ஏத்துக்கறியா, நான் ஏத்துக்கறதா?"

சாருமதி வெளியே வந்தாள். பழைய ஆய்வுகள் அவளுக்கு மனப்பாடம். பிறரோடு பகிரும் ஒரு மொழியாவது ஏழு வயதுக்குள் உள்ளே இறங்கவில்லை என்றால், பிறகு அது முழுதாக இறங்குவதே இல்லை. மாலதிக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்தது.

காது ஆறிய பிறகும் அவள் கேள்மணியை மகளுக்குப் போடவில்லை. தன்னுடையதையும் கழற்றினாள். நிரஞ்சனிடமும் கழற்றும்படி கேட்டாள். அம்மா தமிழ், அப்பா ஒடியா. இரண்டையும் குழந்தை தாங்கும், அதற்கு எத்தனையோ சான்று உண்டு என்று விளக்கினாள்.

"அப்ப நாம ரெண்டு பேரும் எதுல பேசிக்கறது சாரு?"

"கத்துக்கலாம்."

அவன் தலையசைத்துவிட்டுக் காதிலிருந்து கருவியை எடுத்தான். பிறகு சொன்னது அவளுக்குப் புரியவில்லை. ஏழு வருடம் அவள் காதில் கொங்குத் தமிழ் பேசிய அந்த மனிதனின் குரல், அசலில் இன்னும் கனமாகவும் வேகமாகவும் இருந்தது. அறிமுகமில்லாத ஆள் ஒருவர் வீட்டுக்குள் வந்து நிற்பது போல ஒரு கணம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் வாரம் மாலதி ஓயாமல் பேசினாள். யாருக்கும் புரியாததால் சத்தமாகப் பேசினாள். ஒரு மத்தியானம் சாருமதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள், மகள் தட்டிவிட்டாள். தோசை ஊற்றினாள், திரும்பிக்கொண்டாள். பொம்மை, செருப்பு, போர்வை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் மாலதி தலையை ஆட்டினாள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அழுகை நின்றது. கிடைத்துவிட்டதால் அல்ல. கேட்பதை விட்டுவிட்டாள். அவள் அன்று கேட்டது என்னவென்று சாருமதிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதன்பின் ஏழு வாரம் மாலதி வாயைத் திறக்கவில்லை.

வீடு முழுக்கச் சாருமதியின் குரல் மட்டும் தனியாக அலைந்தது. "இது தட்டு. தட்டு. இது கை. மாலதி கை." எட்டாவது வாரம், தலைவாரும்போது சீப்பைத் தள்ளிவிட்டு மாலதி சொன்னாள்: "வேணாம்." அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் திமிறினாள். இன்னும் ஒரு முறை "வேணாம்" என்றாள்.

தமிழ் வந்தது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வருவதைப் போல வந்தது. ஒடியா வரவில்லை. பகலெல்லாம் ஆலையில் கிடக்கும் நிரஞ்சனால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது ஏழெட்டுச் சொல்தான். தண்ணீருக்கு 'பாணி' என்று அவன் சொல்ல, "தண்ணி," என்று அவள் திருத்தினாள். அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவளிடம் ஒடியா பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஊரிலிருந்து அழைக்கும் தங்கையிடம் பேச மொட்டைமாடிக்குப் போய்விடுவான். முன்பெல்லாம் அத்தையோடு மணிக்கணக்காகக் கதை பேசும் மாலதி, இப்போது திரையில் அந்த முகம் வந்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். ஒருநாள் நிரஞ்சன் அரைகுறைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னான்: "என் தங்கச்சி கேக்குது. பாப்பாக்கு என்மேல கோவமா, கேக்குது. நான் என்ன சொல்றது?" சாருமதி பதிலை மனதுக்குள் தயாராக வைத்திருந்தாள். அவனுக்குப் புரியும் அளவுக்குச் சின்னதாக அதைச் சொல்ல வரவில்லை. அந்த மாதத்திலிருந்து அவன் ஆலையிலேயே நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கினான். அங்கே காதில் கேள்மணியோடு இருப்பான். வீட்டு வாசலில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

ஜூன் மாதம் மாலதியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனாள். அறுபது குழந்தைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை சேர்க்கைத் தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"கேள்மணி இல்லைன்னு போட்டிருக்கீங்க. காது கேக்காதுங்களா?"

"நல்லாக் கேக்குங்க. அவ தமிழ் பேசறா."

"தமிழ் எனக்குப் புரியுங்க. பிள்ளைங்க பாஷைக்கு என்ற காதுல மணி இருக்குது. ஆனா மத்த பிள்ளைங்க பேசறது இவளுக்கு எப்படிப் புரியும்? இவ ஒருத்திக்காக நான் என்னங்க பண்ண முடியும்?" அவர் குறிப்புக் கட்டத்தில் எதையோ எழுதினார். சாருமதி எட்டிப் பார்த்தாள். 'மொழிக் குறைபாடு' என்று இருந்தது.

மாலதி அம்மாவின் விரலைப் பிடித்தபடி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறுமி ஓடிவந்து அவள் முன் நின்று உற்சாகமாக ஏதோ சொன்னாள். இன்னொருத்தி வந்து வேறு ஏதோ சொன்னாள். இருவரும் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, ஓடிப்போனார்கள்.

"அம்மா, அது என்னா பேசுது?"

"அது... அந்தப் பாப்பாவோட பாஷைம்மா."

"அந்தப் பாப்பா?"

"அவளுக்கு அவளோட பாஷை. இங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்குது கண்ணு."

மாலதி சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, தவறு வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஏன்மா இல்ல?"

சாருமதி அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியை மேசை இழுப்பறையிலிருந்து பள்ளியின் இருப்புக் கேள்மணி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நீட்டினார். புதியது, யாரையும் அறியாதது. மாலதி அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டவில்லை. அன்று மத்தியானம் அழுது கேட்டும் கிடைக்காமல் போனதை அவள் மறந்திருக்கவில்லை போலும்.

சாருமதியே அதை வாங்கி, மகளின் முடியை ஒதுக்கி, காதில் பொருத்தினாள்.

மாலதி மைதானத்துக்கு ஓடினாள். குழந்தைகள் அவளைச் சூழ்ந்தார்கள். "என் பேரு மாலதி. நானும் வரட்டா?" என்று அவள் சொன்னது வாசல்வரை தெளிவாகக் கேட்டது. ஒவ்வொருவர் காதிலும் அது அவரவர் சொந்த மொழியாக விழ, அங்கே ஒரு குழந்தையும் அதைத் தமிழாகக் கேட்கவில்லை.