கழித்த பிறகும் மிஞ்சியது

அறையில் இருந்தவர்கள்: டாக்டர், மயக்க மருந்துக்காரர், நர்ஸம்மா, மேசைமேல் நினைவில்லாமல் அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எக்ஸ்ரே எந்திரத்தின் முன்னால் அவன். வேறு ஈ காக்கை இல்லை.

சொந்தக்காரர் மேசையில் கிடந்தால் எந்திரத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆனால் அம்மா போனபின் தன்னைத் தூக்கி வளர்த்தவளை இன்னொருவன் கையில் விட அவனுக்கு மனம் வரவில்லை. அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் பட்டாணி அளவுக்கு உப்பி, வெடிக்கக் காத்திருந்தது. தொடை வழியே நுழைத்த மெல்லிய குழாயை டாக்டர் மூளைவரை ஏற்றி, உப்பலுக்குள் பிளாட்டினச் சுருளைத் திணித்து அடைத்துக்கொண்டிருந்தார். ஏசியின் முனகலும், இதயத்துடிப்பைச் சொல்லும் கருவியின் ஒரே சீரான ஒலியும், நடுவே கதிரைத் தடுக்கும் ஈயக்கதவின் இடுக்கில் கசிந்த ஸ்பிரிட் வாடையும் சேர்ந்து, வெளியே பட்டப்பகல் என்பதையே மறக்கடித்திருந்தன.

எந்திரத்தின் வேலை எளிது. ரத்தக்குழாயில் சாயம் செலுத்துமுன் ஒரு படம், செலுத்தியபின் ஒரு படம். முதலில் இருந்ததையெல்லாம் இரண்டாவதிலிருந்து அது கழித்துவிடும். மண்டையோடு, தாடை, பல் எல்லாம் மறைந்து, புதிதாக வந்தது மட்டும் கறுப்பாக நிற்கும்.

பொத்தானை அழுத்தினான். ரத்தக்குழாய்கள் வேர்களைப்போல் கறுத்துப் படர்ந்தன. ஓரத்தில் வேறேதோ.

விரல் எலும்புகள். ஐந்து. கணுக்கணுவாக. காதோரத்திலிருந்து உச்சிவரை அழுத்திப் பிடித்திருந்தன.

கண்ணாடி வழியே பார்த்தான். அக்காவின் தலைமாட்டில் யாரும் இல்லை.

“படம் ஏன்பா அழுக்கா இருக்கு?” ஒலிபெருக்கியில் டாக்டர். “தலை அசைஞ்சிருச்சா?”

“மயக்கத்துல இருக்கறவங்க எப்படி சார் அசைவாங்க? பழிய என் தலையில கட்டாதீங்க,” என்றார் மயக்க மருந்துக்காரர்.

“தம்பிக்குத்தான் கை நடுங்குது,” நர்ஸம்மா சிரித்தாள். “கூடப் பொறந்தவளாச்சே.”

சொல்லிவிடலாம். ஆனால் சுருள் பாதி உள்ளே, பாதி வெளியே. டாக்டர் கை தடுமாறினால் உப்பல் கிழியும்.

“முதல் படத்தைப் புதுசா எடுப்பா.” டாக்டர்தான்.

எடுத்தான். விரல்களோடு சேர்த்தே எடுத்தான். எந்திரம் மண்டையோட்டோடு அவற்றையும் கழித்துவிட்டது. திரை கழுவிவிட்டாற்போல் ஆனது.

“இப்பதான் எனக்குக் கண்ணு தெரியுது,” என்றார் டாக்டர்.

அந்தக் கை போகவில்லை. அசையாமல் இருக்கிறது. அவ்வளவுதான். அவனுக்கு மட்டும் தெரியும்.

கடைசிச் சுருளும் இறங்கியது. கடைசிப் படம். உப்பல் அடைபட்டிருந்தது. பக்கத்தில் மீண்டும் ஐந்து விரல்கள். இம்முறை வெள்ளையாக.

வெள்ளைக்குப் பொருள் ஒன்றுதான். முதல் படத்தில் இருந்தது, இப்போது அந்த இடத்தில் இல்லை.

“உங்கக்கா தப்பிச்சிட்டாங்க, போ. ஒரு காபி வாங்கிக் குடு,” என்று கையுறையைக் கழற்றியபடி டாக்டர் வெளிப்பக்கக் கதவு வழியே போனார். நர்ஸம்மாவும் பின்னாலேயே. அக்காவின் தொண்டைக்குழாய் எடுத்தாயிற்று. கண் திறந்தாயிற்று.

“தம்பி, ட்ராலி வருதான்னு பாக்கறேன். ஒரு நிமிஷம் பக்கத்துல வந்து நில்லு,” என்றார் மயக்க மருந்துக்காரர். அவரும் போனார்.

ஈயக்கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தான். அக்காவின் கையைப் பிடித்தான். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது.

“தலைய யாரோ இறுக்கிப் பிடிச்சிருந்தாங்கடா,” என்றாள் கரகரத்த குரலில். “இப்ப விட்டுட்டாங்க.”

“யாருக்கா?”

அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். மெல்ல, இன்னும் மேலே. கூரைவரை.

அவன் உச்சந்தலையில் ஏதோ குளிர்ந்தது. ஒன்று. இரண்டு. ஐந்து.

பின்னால் ஈயக்கதவு மூடியது. பூட்டு விழுந்தது.